காடாய் மண்டிய ரோஜாவை மீட்பது

தலைக்கு மேலே நான்கைந்து நீளக் கிளைகள். அவற்றின் உச்சியில் மட்டும் ஒன்றிரண்டு பூக்கள், அவையும் எட்டிப் பறிக்க முடியாத உயரத்தில். இடுப்புக்குக் கீழே ஓர் இலை இருக்காது. தூரைச் சுற்றிக் கை நுழையாதபடி காய்ந்த குச்சிகளும் முள்ளும். பல வீடுகளில் ரோஜாச் செடி இப்படித்தான் நிற்கிறது. நட்டவர் ஆசையாகத்தான் நட்டிருப்பார். முதல் இரண்டு வருடம் பூத்துக் குலுங்கியிருக்கும். பிறகு, பூக்கிற செடியில் கத்தி வைப்பதா என்ற தயக்கத்தில் அப்படியே விட்டிருப்பார்கள். பூ குறைந்ததும் ஒரு கை யூரியா போட்டுப் பார்த்திருப்பார்கள். கிளைதான் இன்னும் இரண்டடி நீண்டிருக்கும்.

இந்த அத்தியாயம் அந்தச் செடிக்காக. அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். அது கிழடாகவும் இல்லை, பெரும்பாலும் நோயாளியாகவும் இல்லை. பழைய மரம் அதிகமாகிப் புதிய துளிருக்கு இடமில்லாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மீட்கும்போது இரண்டு விஷயத்தில் நிதானம் வேண்டும். வெட்டை இரண்டு தவணையாகப் பிரித்துச் செய்ய வேண்டும். இரசாயன உரத்தை வெட்டிய அன்றே கொட்டாமல், துளிர் வந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் அவசரப்பட்டுச் செய்துதான் பலர் செடியை இழக்கிறார்கள்.

ஏன் வெட்ட வேண்டும்?

நம் வீடுகளில் இருக்கும் ரோஜாக்கள் பெரும்பாலும் புதுத் துளிரின் நுனியில் பூப்பவை. ஒரு கிளை பூத்து முடிந்ததும் அந்த நுனியின் வேலை முடிந்துவிடுகிறது. கீழே இருக்கும் கணு ஒன்று துளிர்த்து வளர்ந்தால்தான் அடுத்த பூ. கிளையின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழ்நோக்கி இறங்கி, கீழ்க் கணுக்களைத் தூங்க வைக்கிறது. அதனால் நுனி இருக்கும்வரை உச்சியில் உள்ள ஒன்றிரண்டு கணுக்கள் மட்டுமே துளிர்க்கின்றன. செடி உயரமாகிக்கொண்டே போவதும், கீழே மொட்டையாக நிற்பதும் இதனால்தான். நுனியை வெட்டினால் அந்தத் தடை நீங்கி, தூங்கிக் கிடந்த கணுக்கள் விழிக்கின்றன. கவாத்தின் மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான்.

மாலைக்கும் குல்கந்துக்கும் பயன்படும் நம் பன்னீர் ரோஜாவை வேளாண்மைத் துறையினர் எட்வர்ட் ரோஜா என்பார்கள். இது பூர்போன் என்ற வகையைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் பழைய பெயர்தான் பூர்போன். சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் அங்கே கலந்து பிறந்த வகை இது. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் சீன ரோஜாவின் வழி வந்த சொத்து. பெரிய மொட்டு விடும் ஒட்டு ரோஜாக்களுக்கும் அதே சொத்து உண்டு. ஆகவே துணிந்து வெட்டலாம். வெட்டிய கிளை எதுவும் இந்த வருடப் பூவைப் பறித்துவிடாது.

எவ்வளவு வெட்டலாம் என்பதுதான் சிக்கல். வெளிநாட்டு நூல்களிலும் காணொளிகளிலும் ஆளுயரச் செடியை முழங்கால் உயரத்துக்கு ஒரே நாளில் வெட்டித் தள்ளுவதைப் பார்க்கிறோம். அங்கே அது சரி. பனிக்காலத்தில் அந்தச் செடி இலையை உதிர்த்து, உணவை வேரிலும் தண்டிலும் சேமித்துவைத்துவிட்டு உறங்குகிறது. அந்தச் சேமிப்பை வைத்து வசந்தத்தில் எழுந்துவிடும். நம் சமவெளியில் ரோஜா உறங்குவதே இல்லை. வருடம் முழுக்க இலையோடு நிற்கிறது, அன்றன்றைக்குச் சமைத்ததை அன்றன்றைக்கே செலவழிக்கிறது. அதை ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையடித்தால், ஏற்கெனவே நலிந்த வேர் தாங்காது. வெயில் பழகாத பட்டை மேற்கு வெயிலில் வெந்து வெடிக்கும். அதனால்தான் தவணை முறை.

வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது

கத்தரியை எடுப்பதற்கு முன் தரையில் உட்கார்ந்து தூரைப் பாருங்கள். காய்ந்த இலை, குப்பை, மண் எல்லாவற்றையும் கையால் விலக்குங்கள். ஒட்டு ரோஜாவானால் மண்மட்டத்தில் அல்லது ஒரு சாண் உயரத்துக்குள் ஒரு முண்டு தெரியும். ஒட்டுக்கட்டிய இடம் அதுதான். அதற்கு மேலே வந்த கிளைகள் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம். அதற்குக் கீழிருந்து வந்தவை அடித்தண்டாக வைத்த காட்டு ரோஜாவின் கிளைகள். நர்சரியில் வாங்கியபோது சிவப்பாகப் பூத்த செடி, இப்போது சின்னச் சின்னதாக வேறு நிறத்தில் பூக்கிறது என்றால், அல்லது பூக்கவே இல்லை என்றால், காட்டுக் கிளைகள் மேலோங்கி ஒட்டை அமுக்கிவிட்டன என்று பொருள்.

ஏழிலை இருந்தால் காட்டுக் கிளை, ஐந்திலை இருந்தால் நல்ல கிளை என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகங்களிலும் வீரியமான துளிரில் ஏழு சிற்றிலைகள் வரும். கிளை எங்கே பிறந்தது என்பதை மண்ணைத் தோண்டிப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி. காட்டுக் கிளை என்று உறுதியானால் கத்தரியால் வெட்டாமல், பிறந்த இடத்தோடு சேர்த்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அடியில் தங்கும் கணுக்களிலிருந்து மறுபடி இரண்டு மூன்றாக வரும்.

பன்னீர் ரோஜாவுக்கு இது பொருந்தாது. அதைப் பெரும்பாலும் குச்சி நட்டுத்தான் வளர்க்கிறோம். வேரும் அதுவே, கிளையும் அதுவே. மண்ணுக்கு அடியிலிருந்து கிளம்பும் துளிரும் பன்னீர் ரோஜாதான். செடியை மீட்க அதுதான் நமக்கு வேண்டியதும். உங்கள் செடி எந்த வகை என்று தெரியாமல் அடித்துளிரைப் பிய்த்துவிடாதீர்கள்.

எப்போது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரோஜாக் கவாத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களைப் பரிந்துரைக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் இதற்குள் உங்கள் ஊர் மழையைப் பார்த்து நாளைக் குறிக்க வேண்டும். வெட்டுவாய் ஈரமாகவே இருந்தால் நுனிக்கருகல் நோய் அதன் வழியே இறங்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அடைமழை நடக்கும்போது வெட்டாமல், டிசம்பரில் மழை விட்ட பிறகு வெட்டுவதே நல்லது. உள்மாவட்டங்களில் அக்டோபரிலேயே தொடங்கலாம். எங்கே இருந்தாலும், அடுத்த மூன்று நாள் வெயிலடிக்கும் என்று தோன்றும் நாளாகப் பாருங்கள்.

கவாத்து செய்து ஏறத்தாழ 45 முதல் 50 நாளில் பூ வரும். பொங்கலுக்கு வீட்டுப் பூ வேண்டுமென்றால் நவம்பர் கடைசி வாரத்தில் வெட்ட வேண்டும். ஒசூர்ப் பண்ணைக்காரர்கள் பிப்ரவரி 14 சந்தைக்காக டிசம்பரில் வெட்டுவது இந்தக் கணக்கில்தான். மலையில் குளிரால் வளர்ச்சி மெதுவாக இருக்கும், இன்னும் கூடுதல் நாள் பிடிக்கும். 1995இல் தொடங்கிய ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவில் கோடை விழாவுக்காக ஆண்டின் தொடக்கத்திலேயே கவாத்தை முடித்துவிடுகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் பெரிய வெட்டு கூடவே கூடாது. காய்ந்த குச்சியை எடுக்கலாம், வாடிய பூவைக் கிள்ளலாம். அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

கருவிகள்

இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகைக் கவாத்துக் கத்தரி ஒன்று. விரல் கனத்துக்கு மேற்பட்ட பழைய கிளைக்கு ஒரு சிறு கைரம்பம். முழங்கை வரை மூடும் தடித்த கையுறை. போதும். ஓர் அலகு பலகைபோல் தட்டையாக இருக்கும் கத்தரி வேண்டாம். அது பச்சைக் கிளையை நசுக்கும், நசுங்கிய இடம் கருகும். வீட்டு அரிவாளால் வீசி வெட்டினால் கிளை பிளந்துவிடும். ஒரு செடியை முடித்து அடுத்ததற்குப் போகும்போது அலகை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். நுனிக்கருகலைச் செடிக்குச் செடி சுமந்துபோவது பெரும்பாலும் நம் கத்தரிதான். மண்ணில் கிடந்த முள் ஆழமாகக் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ரோஜா முள் குத்திய புண் வாரக்கணக்கில் ஆறாமல் முடிச்சு முடிச்சாகப் பரவினாலும் காட்ட வேண்டும். அது மண்ணிலிருந்து வரும் ஒருவகைப் பூஞ்சையாக இருக்கலாம்.

முதல் தவணை

எட்டுக் கிளை உள்ள ஒரு பன்னீர் ரோஜாவை எடுத்துக்கொள்வோம். துவைக்கல் ஓரமாக ஆறேழு வருடமாக நிற்கிறது, ஆளைவிட உயரம். கிட்டே போய்ப் பட்டையைப் பார்த்தால் மூன்று விதமாகத் தெரியும். இரண்டு கிளை முழுக்கக் காய்ந்து, நகத்தால் சுரண்டினால் உள்ளே பழுப்பாக, தூளாக இருக்கிறது. இரண்டு கிளை கட்டைவிரலைவிடத் தடித்து, பட்டை சாம்பல் நிறத்தில் வெடித்திருக்கிறது. உயிர் இருக்கிறது, சுரண்டினால் மெல்லிய பச்சை தெரிகிறது, ஆனால் இலை உச்சியில் மட்டும்தான். மீதி நான்கில் பட்டை பச்சையாகவோ செம்பச்சையாகவோ வழவழப்பாக இருக்கிறது. அவற்றில் ஒன்று மட்டும் நடுவில் குறுக்கே போய் இன்னொன்றோடு உரசுகிறது. உரசிய இடத்தில் இரண்டிலும் பட்டை உரிந்திருக்கிறது.

முதலில் காய்ந்த இரண்டையும் தூரோடு எடுங்கள். அடிக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அந்தக் கட்டைதான் கறையானுக்கும் பூஞ்சைக்கும் வாசல். அடுத்து உரசும் கிளையை அது பிறந்த இடத்தில் வெட்டுங்கள். பிறகு வயதான இரண்டில் மோசமான ஒன்றை ரம்பத்தால் அடியோடு எடுங்கள். இன்னொன்றை இந்தத் தவணையில் விட்டுவைக்க வேண்டும். அதன் உச்சியை மட்டும் எட்டும் உயரத்துக்குக் குறைத்து, இலை உள்ள பக்கக்கிளை ஒன்றிரண்டை அப்படியே விடுங்கள். செடி மறுபடி எழும்வரை அதற்குச் சோறு போடப்போவது அந்தக் கிழட்டுக் கிளைதான். கடைசியாக, மிச்சமிருக்கும் மூன்று நல்ல கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். இதோடு நிறுத்துங்கள். தோட்டக்காரரிடம் வேலையைக் கொடுத்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். பலருக்கு மட்டமாக வெட்டிப் பழக்கம், ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்.

வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துச் செய்யுங்கள். இலை உதிர்ந்த இடத்தில் பிறைபோல் ஒரு தழும்பு இருக்கும். அதற்குச் சற்று மேலே மிளகளவில் ஒரு புடைப்பு, சிலசமயம் சிவந்திருக்கும். அதுதான் துளிர்க்கும் கணு. செடியின் நடுவைப் பார்க்காமல் வெளிப்புறம் பார்க்கும் கணுவைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள். சாய்வின் தாழ்ந்த முனை கணுவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் மழைத்தண்ணீர் கணுவின்மேல் வழியாது. கணுவை ஒட்டி வெட்டினால் கணு காயும். ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டினால் அந்தத் துண்டு காய்ந்து, கருகல் கீழே இறங்கும்.

வெட்டியதும் வெட்டுவாயின் நடுவைப் பாருங்கள். வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால் நோய் உள்ளே இறங்கியிருக்கிறது. அடுத்த கணுவுக்குக் கீழே போய் மறுபடி வெட்டுங்கள். வெள்ளை தெரியும்வரை இறங்க வேண்டும். கிளை முழுக்கப் பழுப்பாகவே இருந்தால் இரக்கம் பார்க்காமல் தூரோடு எடுத்துவிடுங்கள்.

பென்சில் கனமும் இல்லாத நோஞ்சான் குச்சிகளை எல்லாம் நீக்கலாம். அவற்றில் பூ தாங்காது. நடு வெளிச்சமாக, காற்று புகுந்து போகும்படி, கிண்ணம்போல் செடி விரிந்து நிற்பதே நல்ல அமைப்பு. கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைக்க இலை ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். காற்றோட்டமுள்ள செடியில் பனியும் மழையும் சீக்கிரம் காய்ந்துவிடும். பாதி மருந்து அதிலேயே மிச்சம்.

வெட்டிய அன்றே வெட்டுவாய்களில் போர்டோ பசை பூசுங்கள். 10 கிராம் மயில்துத்தத்தை 50 மில்லி தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை 50 மில்லி தண்ணீரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு இரண்டையும் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான் பயன்படுத்த வேண்டும், இரும்புப் பாத்திரம் கூடாது. பழைய பெயிண்ட் தூரிகையால் பூசலாம். மயில்துத்தம் நச்சு என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கடையில் கிடைக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசினாலும் சரி. பழைய தண்டில் அரிசித்தவிடு ஒட்டியதுபோல் செதில்கள் தெரிந்தால் அது செதில் பூச்சி. கவாத்து முடிந்த கையோடு பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

கீழே விழுந்த இலை, குச்சி எதையும் செடியடியில் விடாதீர்கள், உரக்குழியிலும் போடாதீர்கள். கரும்புள்ளி வித்து அந்த இலையில்தான் தங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். குப்பையோடு அப்புறப்படுத்திவிடுங்கள்.

உரம்

வெட்டி முடிந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, இப்போது நன்றாகச் சாப்பாடு போடுவோம் என்பது. கொஞ்சம் பொறுங்கள். இலை குறைந்த செடி தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். அந்த நேரத்தில் யூரியாவும் டிஏபியும் கொட்டினால் உப்பு வேரைச் சுற்றி நின்று பொசுக்கும். வெட்டிய அன்று மட்கிய எரு மட்டும் போதும். தண்டிலிருந்து ஓரடி தள்ளி, இரண்டு மூன்று அங்குல ஆழத்துக்கு வட்டமாக மண்ணைக் கிளறுங்கள். அதற்கு மேல் ஆழமாகக் கொத்தினால் தீனி எடுக்கும் மெல்லிய வேர்கள் அறுபடும். அந்த வட்டத்தில் நன்றாக மட்கிய தொழுவுரம் 10 கிலோவும், வேப்பம் புண்ணாக்கு 100 கிராமும் போட்டு மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். பச்சைச் சாணம் கூடாது. அது மட்கும்போது சூடு கிளப்பும், வெள்ளைப் புழுவையும் கொண்டுவரும்.

பத்துப் பதினைந்து நாளில் கணுக்களிலிருந்து கருஞ்சிவப்பாக ஊசிமுனைபோல் துளிர் எட்டிப்பார்க்கும். அது ஓர் அங்குலம் வளர்ந்த பிறகு உரம் கொடுக்கலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, செடி ஒன்றுக்குத் தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12 கிராம், சாம்பல்சத்து 12 கிராம். இதைக் கவாத்துக்குப் பின் ஒருமுறையும் ஜூலையில் ஒருமுறையும் கொடுக்கச் சொல்கிறார்கள். கடையில் வாங்கும் உரமாக இதை மாற்றினால் யூரியா 13 கிராம், சூப்பர் பாஸ்பேட் 75 கிராம், பொட்டாஷ் 20 கிராம். யூரியா எவ்வளவு குறைவு என்று பாருங்கள். சில தேக்கரண்டிதான். ஒரு கை யூரியா என்பது இதைப்போலப் பலமடங்கு. அது இலையைத்தான் வளர்க்கும். அந்தக் கொழுத்த இளந்துளிருக்குத்தான் அசுவினியும் சாம்பல் நோயும் முதலில் வரும்.

இரசாயனம் வேண்டாம் என்பவர்கள் கடலைப் புண்ணாக்கை நம்பலாம். 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, செடிக்கு ஒரு லிட்டர் வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். காய்ந்த புண்ணாக்கைத் தூரில் அப்படியே போட்டால் எலியும் எறும்பும் வரும். பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து காலையில் இலையில் தெளிக்கலாம். துளிர் விரியும் சமயத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

முட்டை ஓடு, டீத்தூள், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் பற்றியும் கேட்பார்கள். இவற்றை மட்டும் வைத்து ஒரு ரோஜாவைப் பசியாற்ற முடியாது. முட்டை ஓடு கரைய வருடக்கணக்கில் ஆகும். நம் மண்ணிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் சுண்ணாம்பு பெரும்பாலும் ஏற்கெனவே மிகுதி. பாலும் சர்க்கரையும் சேர்ந்த டீத்தூளைக் கழுவாமல் போட்டால் எறும்பும் பூசணமும்தான் மிச்சம். மூன்றையும் உரக்குழியில் போட்டு மட்கவையுங்கள், அங்கே அவற்றுக்கு மதிப்பு உண்டு. எலும்புத்தூளும் இப்படித்தான். புளிப்புத் தன்மையுள்ள மலை மண்ணில் அது நன்றாகக் கரையும். சுண்ணாம்பு மிகுந்த சமவெளி மண்ணில் அதைவிடச் சூப்பர் பாஸ்பேட்டே பயன் தரும்.

அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரால் வரும் இன்னொரு தொல்லையைச் சொல்லியாக வேண்டும், சமவெளியில் இது அடிக்கடி வருவது. புதுத்துளிரின் இலை வெளிர்மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் சுண்ணாம்பு அதைப் பூட்டிவைத்திருக்கும். இதற்கு இன்னும் உரம் போடுவதில் பயனில்லை. அன்னபேதி உப்பு 3 முதல் 5 கிராம், அதோடு சில சொட்டு எலுமிச்சைச் சாறு, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதிய இலைகள் பச்சையாக வரும். அதே மஞ்சள் அடியிலுள்ள பழைய இலையில் நரம்புகளுக்கிடையே வந்தால் அது மெக்னீசியக் குறை. அதற்கு எப்சம் உப்பு.

தண்ணீர் காலையில், தூரில் மட்டும். வட்டத்தில் காய்ந்த இலையோ கழுவிய தென்னை நாரோ இரண்டங்குல மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் விட்டு.

இரண்டாம் தவணை

எல்லாம் சரியாகப் போனால் எட்டுப் பத்து வாரத்தில், தூரிலிருந்தே ஒரு புதிய கிளை கிளம்பும். தடித்து, கருஞ்சிவப்பாக, மற்றத் துளிர்களைவிட வேகமாக உயரும். ஒட்டு ரோஜாவானால் அது ஒட்டுக்கு மேலிருந்துதான் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்தக் கிளைதான் அடுத்த நான்கைந்து வருடத்துக்கான செடி. இதை அப்படியே விட்டால் நேராக ஓடி உச்சியில் கொத்தாகப் பூத்து, பழைய கதையைத் தொடங்கும். ஒன்றரை அடி உயரத்தில், நுனி இளசாக இருக்கும்போதே நகத்தால் கிள்ளிவிடுங்கள். மூன்று நான்கு பக்கக்கிளை விடும்.

இப்போது விட்டுவைத்த கிழட்டுக் கிளையை எடுக்கலாம். டிசம்பரில் முதல் தவணை முடித்தவர்கள் பிப்ரவரி கடைசிக்குள் இதைச் செய்துவிட வேண்டும். அதற்குள் அடித்துளிர் வரவில்லையென்றால் அவசரம் வேண்டாம், ஆடி மாதம் வரை பொறுத்திருந்து, ஜூலை உரத்தோடு சேர்த்துச் செய்யுங்கள்.

அதன்பின் பெரிய வெட்டு வருடம் ஒருமுறை போதும். நடுவில் செய்ய வேண்டியது பூ வாடியதும் வெட்டுவது மட்டும்தான். பூவை மட்டும் கிள்ளாமல், கீழே வந்து வெளிப்புறம் பார்க்கும் முதல் ஐந்திலைக்கு மேல் வெட்டுங்கள். பூவுக்கு நேர் கீழே இருக்கும் மூன்றிலைக் கணுவில் வரும் துளிர் மெலிந்திருக்கும். சாமிக்கும் தலைக்கும் தினமும் பறிப்பவர்கள் இதே இடத்தில் காம்போடு பறித்தால் தனியாக வெட்டும் வேலையே இல்லை.

கொடி ரோஜாவுக்கு இந்த முறை ஆகாது. அதன் நீளக் கிளைகளை வெட்டாமல் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டுங்கள். கிளை படுத்தால் கணுதோறும் பக்கத்துளிர் வரும், அதில்தான் பூ. பூத்து முடிந்த பக்கத்துளிரை இரண்டு மூன்று கணு விட்டுக் குறைத்தால் போதும். தொட்டியில் மண்டிய ரோஜாவானால் கிளையைக் குறைக்கும்போதே வேரையும் கவனியுங்கள். செடியை மண்கட்டியோடு எடுத்து, சுற்றிலும் அடியிலும் சுருண்டிருக்கும் வேரோடு ஒன்றிரண்டு அங்குல மண்ணைச் சீவி எறிந்து, புது மண்ணும் எருவும் கலந்து திரும்ப வையுங்கள். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். தொட்டிக்கு மேலே சொன்ன உரத்தில் கால் பங்கு போதும்.

இத்தனைக்கும் பிறகு எழாத செடியும் உண்டு. வெட்டி இரண்டு மாதமாகியும் ஒரு துளிரும் இல்லை, தூரில் சுரண்டினால் பழுப்பு, ஒட்டுக்கட்டிய முண்டே மெத்தென்று அழுகியிருக்கிறது என்றால் அதை விட்டுவிடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது கிடைக்காத இடத்தில் நிற்கும் செடியும் எத்தனை வெட்டினாலும் பூக்காது. புதிய கன்றை வெயில் படும் வேறு இடத்தில் நடுங்கள். அதே இடத்தில்தான் நட வேண்டும் என்றால் ஒன்றரை அடி ஆழ அகலத்துக்குப் பழைய மண்ணை முழுக்க அள்ளி வெளியேற்றி, வேறிடத்து மண்ணையும் எருவையும் நிரப்பிவிட்டு நடுங்கள். ரோஜா நின்று செத்த மண்ணில் உடனே வைக்கும் புது ரோஜா தேறுவது அபூர்வம்.